திராட்சைக்குப் பட்டினி போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம்... நடுவில் ஒரு கொத்துத் திராட்சை. எல்லார் கண்ணும் அதன் மேல்தான்.

பெண்ணின் அப்பா செல்லையா என் பக்கத்து வீட்டுக்காரர். அரசாங்கக் கிளார்க். பெண் பார்க்கச் செங் ஊரிலிருந்து வந்த சம்பந்தியிடம் அன்றைக்கே வாயை விட்டுவிட்டார் — "நிச்சயத்துக்கு நம்ம கொல்லைத் திராட்சையத்தான் வைப்பேன்!"

கொல்லையில் கொடி இருந்தது உண்மை. அதுவரை ஒரு பிஞ்சுகூட வைத்ததில்லை என்பதும் உண்மை.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த சூடு. இந்த மண்ணில் எதுதான் விளையாது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ஆஸ்திரேலியாவில், வறண்ட சீமையில் திராட்சை போடுகிறவர்களுக்கு உதவுகிற ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செல்லையா யோசனை கேட்டு எழுதினார். அதாவது, அவர் சொன்னார். இங்கிலீஷில் எழுதியது நான்.

பதில் வந்தது. அங்கே ஒரு பேராசிரியர் எழுதிய மரியாதையான பதில். ஆறு வாரம் தண்ணீர் காட்டாமல் கொடியை வாட்டுங்கள், பிறகு கவாத்து செய்யுங்கள், அப்போதுதான் பூக்கும்.

மலாக்காவில் ஆறு நாள் மழை பெய்யாவிட்டாலே பேச்சாகிவிடும். செல்லையா அசரவில்லை. வேரைச் சுற்றித் தகரம் போட்டு மூடினார். வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பினார். மலாய் பேசும் செட்டிமார் வாழும் கம்போங் செட்டியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, கொடிக்குக்கூடவா மழையென்றால் பயம் என்று மலாயில் கேட்டார். செல்லையா இன்னொரு தகரம் எடுக்கப் போனார்.

ஆறு வாரம் போயிற்று. கொடி வாடுவதாக இல்லை. தளதளவென்று இருந்தது. மறுபடி கடிதம் எழுதினோம். பதிலில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார் — வேறு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா?

செல்லையாவுக்கு வந்ததே கோபம். "யாரு ஊத்துவா? இல்லைன்னு எழுதுங்க லா!"

எழுதினேன்.

நிச்சய நாளும் வந்தது. சம்பந்தி ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். "உங்க கொல்லைப் பழமா?"

செல்லையா முகத்தில் ஈயாடவில்லை. சபையில் கொடுத்த வாக்கு. எனக்கே பாவமாக இருந்தது.

அவர் மனைவி ருக்குமணி முன்னால் வந்தார். "டவுன் பழக்கடையில வாங்கினதுண்ணே. இவர் மேல தப்பில்ல. அரிசி களைஞ்ச தண்ணிய தினம் நான்தான் தகரத்தத் தூக்கி ஊத்தினேன். பச்சக் கொடியப் பட்டினி போட மனசு வரல."

மாப்பிள்ளையின் அம்மாதான் வாயைத் திறந்தார். "செடியவே பட்டினி போடாத வீடு. எம்மவன் இங்க வந்தா நல்லாச் சாப்பிடுவான். தட்ட மாத்துங்க."

மாற்றினார்கள். செல்லையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

வறட்சி, பூச்சி, பறவை... எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்திடம் வழி இருந்தது. அரிசி களைகிற வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ரொட்டி தின்கிறவர்கள்.

மனைவியைச் செல்லையா மன்னித்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தினம் சாயங்காலம் ஒரு வாளி ஊற்றியது யார் என்று அவர் இன்னும் கேட்கவில்லை... 'இல்லை' என்று எழுதிய அதே கைதான்.