பேசுகிறவரும் பேசாதவரும்

பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியவர்கள், மூடச் சொல்ல வேண்டியவர்கள். எண்பதுகளில் துபாய் டேராவில், மாடிப்படி ஏறி வரவேண்டிய ஒரு சிறிய கிளினிக்கில் அந்த மேசை என்னுடையதாக இருந்தது. டொக்டர் பெரெய்ரா கோவாக்காரர். ஹிந்தியும் ஆங்கிலமும் தவிர வேறு மொழி தெரியாது. தமிழ் நோயாளி வந்தால் நான் எழுந்துபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "எங்கே நோகுது? குளிருக்குக் கூசுதோ? கொப்பளிச்சுத் துப்புங்கோ" என்று மொழிபெயர்ப்பேன். யாழ்ப்பாணத்தில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியது எதற்கென்று அங்கேதான் எனக்கு விளங்கியது. வாசிக்கிற உங்களுக்கும் வாழ்க்கையில் ஒரு கடைவாய்ப் பல்லாவது நொந்திருக்கும். ஆகவே முன்னுரை போதும்.

ஓர் ஆண்டு எங்கள் தமிழ் மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற மன்றம். குடும்பத்தோடு இருப்பவர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்பது விதி. தனியாளான என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், திடீர்ப் பல்வலிக்கு வரிசை தாண்டி உள்ளே விடக்கூடியவள் நான் என்பதே. கேம்ப்பில் தங்கியிருந்த தொழிலாளிகளுக்கு அங்கே இடமில்லை. இந்த முறை போட்டியிட்ட இருவருமே அவர்களையும் சேர்ப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். யார் சொன்னதைச் செய்வார் என்பதுதான் கேள்வி. இருவருக்கும் பல் பழுது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

ஓம்

முதல் வேட்பாளர் சபாநாதன். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர், எங்கள் ஊர்ப்பக்கம். உடைந்த முன்பல்லுக்கு உறை போட வந்தார். வாய்க்குள் பஞ்சு வைத்த பிறகும் பழம்பாட்டு ஒன்றைத் தொடங்கி, சீர் பிசகாமல் சொல்லி முடித்தார். ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஆனால் நான் அவர் பக்கம் சாய்ந்தது பாட்டால் அல்ல. "வாற புதன்கிழமை வருவீங்களோ?" என்று கேட்டேன். "ஓம், தங்கச்சி" என்றார்.

ஆமா, அச்சா, ஓகே என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு, ஓம் என்ற சொல் கிடைத்துக் கனகாலம் ஆகியிருந்தது. அதற்குள் என் தம்பியின் குரல் இருந்தது. ஊரிலிருந்து வருவதெல்லாம் கெட்ட செய்தியாக இருந்த காலம் அது. ஒரு சொல்லாவது காயமில்லாமல் வந்து சேர்ந்ததே என்றிருந்தது. என் வாக்கு அந்த நிமிஷமே அவருக்குப் போய்விட்டது. டொக்டர் மட்டும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அலுப்போடு என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், மரத்துப்போகிற மருந்தை இவருடைய பல்லுக்குப் போடட்டுமா, நாக்குக்குப் போடட்டுமா?"

வேன் நிற்காது

இரண்டாவது வேட்பாளர் முத்தையா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அல் குசைஸில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தமிழர்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நாளெல்லாம் கடையில் கருப்பட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்ததில் கடைவாய்ப் பல் குழிவிழுந்துவிட்டது. அவருக்கு ழகரம் வராது. பளம், கிளங்கு என்பதை மன்னித்துவிடலாம். தலைவராகப் போகிறவர் "தமிள் மன்றம்" என்று சொல்லும்போது மட்டும் எனக்குப் பல் கூசும்.

நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துண்டு கட்டி, டொக்டர் கண்ணாடியை வாய்க்குள் நுழைத்தபோது கீழே தெருவில் ஹாரன் சத்தம். அண்ணாச்சி துள்ளி எழுந்து, கட்டிய துண்டோடே படியிறங்கி ஓடினார். அரிசி மூட்டை கொண்டு வந்த வேனாம். கடை பூட்டியிருந்ததால் இங்கே தேடி வந்துவிட்டதாம். மறுநாள் துண்டைத் துவைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். பாதியில் இப்படி ஓடலாமா என்று கேட்டேன். "பல்லு எங்கயும் போயிராது தாயி, வேன்காரன் போயிருவாம்லா."

கொள்கை வித்தியாசம்

காத்திருப்பவர்கள் உட்காரும் அறையில் அரசியல் சூடாக நடக்கும். கன்னம் வீங்கியவர்கள்கூடக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கலந்துகொள்வார்கள். வங்கி அலுவலர் ஒருவரின் மனைவி கோமதி, திருச்சிக்காரி, மன்றத்தின் பெண்கள் பக்கத்தில் செல்வாக்கானவள். யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்டேன். சபாநாதனுக்குத்தான் என்றாள். ஏன் என்றேன். தலைவர் வீட்டில்தான் கமிட்டிக் கூட்டம் நடக்கும்; சபாநாதன் வீட்டு ஏசி சத்தமே போடாது; அண்ணாச்சி வீடு கடைக்கு மேலே, படியேறும்போதே வாசனை வரும் என்றாள்.

அப்படியானால் அவர்கள் சொல்கிற கொள்கை, வாக்குறுதி எல்லாம் எதற்கு என்று கேட்டேன். கோமதி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் கொள்கை ஒண்ணுதான் அக்கா. கருவாடுதான் வித்தியாசம்."

வெள்ளிக்கிழமைப் பேச்சு

காளியப்பன் கொத்தனார். புதுக்கோட்டைப் பக்கம். சோனாப்பூர் கேம்ப்பிலிருந்து வருவார். வேரில் சீழ் பிடித்த பல் என்பதால் பலமுறை வரவேண்டியிருந்தது. முந்தின வருஷம் பொங்கல் விழாவுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போயிருக்கிறார். ஃபேமிலி மட்டும்தான் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, யாரோ இரக்கப்பட்டுக் காகிதத் தட்டில் பொங்கல் கொண்டு வந்து கொடுத்தார்களாம். "வாசல்கிட்ட நின்னே தின்னேங்க்கா. உள்ள பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. இந்த வருசம் உக்காந்து திங்கணும்" என்றார். மன்றத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஆசை அவ்வளவே. நான் அடைத்துவைத்திருந்த என் கேள்வியை அவரிடமே கேட்டேன்.

"முத்தையா அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாம என்னக்கா? வெள்ளிக்கிழமையானா கேம்ப்புக்கு வந்துருவாரு. வந்து எங்ககிட்டப் பேசுவாரு. போன வாரம் பொழுது சாயிற வரைக்கும் பேசினாரு."

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். "நீங்கள் ஒரு பிழையும் செய்யாமலோ?"

"பிழையா? சும்மாதாங்க்கா."

"நீங்கள் திருப்பி ஒண்டும் சொல்லயில்லையோ?"

"சொல்லாம இருப்பமா? நாங்களும் பேசுவோம். பக்கத்து ரூம்காரங்களும் வந்து சேந்துக்குவாங்க."

ஓய்வு நாளில் மெனக்கெட்டுப் போய், களைத்துக் கிடக்கிறவர்களை வைகிற மனிதரா இவர்களை நாளைக்கு மன்றத்தில் சேர்க்கப்போகிறார்? எனக்கு மனம் கசந்துபோயிற்று. சபாநாதன் எப்படி என்று கேட்டேன். காளியப்பன் வேலை செய்த சைட்டுக்கு அவர்தான் எஞ்சினியர். "அவரா? அவரு பேசவே மாட்டாருக்கா" என்றார். எங்கள் ஊரை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஒருநாள் கோபத்தில்கூடவா இல்லை என்று மறுபடி கேட்டேன். காளியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். "இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை பேசினதில்லக்கா."

கதையும் பேச்சும்

தேர்தலுக்கு முந்தின வாரம். காளியப்பன் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடக்கிறார். டொக்டர் டிரில்லை மிதிக்கிறார், சுற்றவில்லை. நான் கம்ப்ரெசரைப் போட மறந்திருந்தேன். டொக்டர் ஹிந்தியில் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கோபத்தில் வெளியே போய்விட்டார். காளியப்பன் எழுந்து உட்கார்ந்தார். "என்னக்கா, மனுசன் இந்தக் கத்துக் கத்துறாரு?"

"அது ஒண்டுமில்லை. அவர் இப்பிடித்தான், நெடுகப் பேசுவார்."

"இதுவா பேசுறது? இது திட்டுறதுக்கா."

"அதைத்தானே நானும் சொல்லுறன். பேசுறார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பேசுறதுன்னா, இப்ப நாம பேசிக்கிட்டிருக்கமே, இது" என்றார்.

"இது கதைக்கிறது."

"கதையா? நான் எங்கக்கா கதை விட்டேன்?"

எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. அம்மா பேசுவா என்றால் பிள்ளை ஒளிந்துகொள்ளும். வாயால் செய்கிற மற்றதெல்லாம் கதைப்பது. இதை விளக்கியபோது காளியப்பன் வலியையும் மறந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்தையா அண்ணாச்சி வெள்ளிக்கிழமைகளில் அங்கே வந்து என்னதான் சொல்வார் என்று கேட்டேன். "மிக்சர் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காருவாரு. உங்க ஊர்ல மழையா, தங்கச்சிக்கு மாப்ள அமைஞ்சுச்சா, ஒருத்தர் விடாமக் கேப்பாரு. அவரு கதையையும் சொல்லுவாரு."

"அப்ப சபாநாதன் பேசவே மாட்டார் எண்டு சொன்னது?"

காளியப்பன் கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுசன்தாங்க்கா. கோவிக்க மாட்டாரு. வணக்கம்னு சொன்னா தலைய ஆட்டுவாரு." பிறகு, எந்த மனத்தாங்கலும் இல்லாமல், வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்: "எங்ககிட்டப் பேசுறதுக்கு அவருக்கு என்னக்கா இருக்கு."

வடிவாக யோசித்தது

தேர்தல் நாளன்று மண்டப வாசலில் இரு வேட்பாளர்களும் நின்றார்கள். துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, மடித்துப் பெட்டியில் போடவேண்டும். முத்தையா அண்ணாச்சி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கும்பிட்டார். அந்தப் பல்லை இன்னும் காட்டவில்லை என்று தெரிந்தது. சபாநாதன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "தங்கச்சி, வடிவா யோசிச்சுப் போடுங்கோ" என்றார். வடிவு என்ற சொல்லைச் சொல்லவும் துபாயில் எனக்கு வேறு ஆள் இல்லை. அழகாக, நன்றாக, ஆறுதலாக, எல்லாம் அதற்குள் அடங்கும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் என் ஓம், என் வடிவு. மறுபக்கம் தமிள் மன்றம், கருவாடு, மிக்சர் பொட்டலம். நான் கேட்டு ரசிக்கிற தமிழும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற தமிழும் வேறுவேறாக இருக்கக்கூடும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முத்தையா என்று எழுதினேன். ழகரம் இல்லாத பெயர். எழுதச் சுலபமாக இருந்தது.

அண்ணாச்சி மயிரிழையில் வென்றார். அடுத்த புதன்கிழமை சபாநாதன் பல்லுறையைச் சரிபார்க்க வந்தார். என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரக் கூச்சம். அவர் நாற்காலியில் சாய்ந்து, சொல்லாமலே வாயைத் திறந்தார். டொக்டர் வேலையை முடிக்கும்வரை பாட்டில்லை, பேச்சில்லை. எழுந்து போகும்போது மட்டும் என் மேசைக்கு முன்னால் நின்றார். "தோத்ததும் நல்லதுதான் தங்கச்சி, வாய்க்கு ஒரு ஓய்வு."

உங்க ஊர்க் கணக்கு

பொங்கலை அடுத்த வெள்ளிக்கிழமை சோனாப்பூரிலிருந்து பஸ் வந்தது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஆண்கள் இறங்கி, வாசலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் நின்றார்கள். அண்ணாச்சி உள்ளேயிருந்து ஓடி வந்து ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து இழுத்தார். காளியப்பன் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். ஒரு வருஷத்தில் அது பழையதாகவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் இலையை விரித்தார். சபாநாதனும் வந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கிட்ட வந்து, "பல்லு இப்ப எப்பிடி?" என்று காளியப்பனைக் கேட்டார். காளியப்பன் இலையோடு எழுந்திருக்கப் பார்த்தார். "சுகம்தாங்க சார்" என்றபோது பொங்கல் வாய்க்குள் இருந்தது.

அதற்குள் பந்தியில் தள்ளுமுள்ளு. சட்டி கவிழ்கிறாற்போல் சாய்ந்தது. தலைவர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று கன்னம் அதிரக் கத்தினார்: "ஏலே, வரிசையில வாங்கலே! சோத்தக் கண்டா மனுசன் ஒருத்தனை ஒருத்தன் மிதிக்கதா? உனக்குத்தாம்லே சொல்லுதேன்!" வங்கி அலுவலர்களும் கொத்தனார்களும் ஒரே வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். காளியப்பன் சரிசெய்த பல்லால் கரும்பைக் கடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இப்ப உங்க ஊர்க் கணக்குக்கும் அவரு பேசுறாரு."

வாழ்நாளில் மனம் நிறைந்து நான் போட்ட ஒரே வாக்கு, தமிழை நன்றாகப் படித்தவள் என்ற ஒரே காரணத்தால், ஒரு வினைச்சொல் தூரத்தில் தப்பான பெயருக்குப் போகப் பார்த்தது.