இபிட் துரைக்கு ஒரு கடிதம்

ஹபீல் நானாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் வாய் கசக்கிறது. அவரை நினைத்து அல்ல. டொக்டர் முத்துலிங்கத்தை நினைத்து. அதற்கடுத்து என் பத்து விரல்களை நினைத்து.

ஹபீல் நானா கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஆற்றோரத்தில் இருந்த ஒரு சின்ன அரசாங்க மருந்துச்சாலையில் டிஸ்பென்சர், மருந்து கலந்து கொடுப்பவர். ஊருக்கே அவர் நானா, அண்ணன். ஒல்லியான மனிதர், தலையில் துருக்கித் தொப்பி, சட்டைப்பையில் பொட்டலம் கட்ட எப்போதும் ஒரு நூலுருண்டை. மருந்தைக் கண்டு முகம் சுளிக்கும் பெண்களிடம், "குடிங்க உம்மா. நான் குடிச்சா ஒங்கட காய்ச்சல் போகுமா?" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவார்கள்.

முப்பத்து நாலாம் ஆண்டு மழை பொய்த்தது. மகாவலி வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கியது. மார்கழிக்குள் வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சல். அதற்கு மருந்தான கொயினா வாங்க வந்தவர்கள் பாதி வழியில் விழுந்தார்கள். இவர் பார்த்தார். மருந்துச்சாலையைப் பூட்டினார், கொயினாப் பையைத் தோளில் போட்டார், மூன்று வாரம் ஆற்றோர ஊர்களுக்குத் தாமே நடந்தார். போன இடத்தில் குழந்தைகளைக் கிடத்தி, வயிற்றை அழுத்திப் பார்த்து, யாருக்கெல்லாம் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று ஊர்வாரியாக எழுதி வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். அதை இரண்டு பக்கக் குறிப்பாக்கி என்னிடம் கொண்டுவந்தார். நான் தட்டெழுத்தில் அடித்துக் கொடுத்தேன். டிஸ்பென்சர்மார் நடத்திய ஒரு சின்ன இதழில் அது அச்சானது.

அதற்குக் கிடைத்த மரியாதை ஒரு விசாரணை. கொள்ளைநோய்க் காலத்தில் மருந்துச்சாலையைப் பூட்டிவிட்டு ஓடினார் என்று எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடிதம் போட்டிருந்தான். வேலை போகிற நிலை. நானா குறிப்பைக் காட்டினார். "உமக்கு நீரே சாட்சியா?" என்று தள்ளிவிட்டார்கள். டொக்டர் ஒருவர் அந்தக் கணக்கை ஏற்று எழுதினால் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த டொக்டர்தான் முத்துலிங்கம். காய்ச்சலைப் பற்றி லண்டன் மருத்துவச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். நானாவின் கணக்கை எடுத்துத்தான் எழுதினார். அவருடைய கந்தோரில் தட்டெழுத்தாளன் நான். நானா வந்து கேட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஓம், ஓம். உம்மட பேர் லண்டனில வரும். ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார் டொக்டர். நானா அன்று பியோனுக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சஞ்சிகைக்காரர்களின் சட்டதிட்டத்தை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. யார் சொன்னதை எடுத்தாலும் கட்டுரையில் ஓர் இலக்கம் போட வேண்டும். கடைசித் தாளில் அதே இலக்கத்துக்கு நேரே சொன்னவர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம். ஒரு கமா தவறினாலும் டொக்டர் தாளைக் கிழித்து என் மேசையில் எறிவார். ஒரே தாளை ஐந்து தரம் அடித்திருக்கிறேன். அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர்! ஒரே ஆளின் ஒரே எழுத்தை அடுத்தடுத்துச் சொல்ல நேர்ந்தால் பெயரைத் திரும்பப் போடாமல் 'இபிட்' என்று அடிக்க வேண்டும். லத்தீனாம். நம்முடைய காணி உறுதிப் பத்திரங்களில் வரும் 'மேற்படி'தான் அது. நான் இங்கே வருமுன் நொத்தாரிசு இராமநாதனிடம் ஆறு வருடம் காணி உறுதி எழுதியவன். மேற்படி என்ன செய்யும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலாம் இலக்கத்தில் ஹபீல்: ஆற்றில் நீர் வற்றியது பற்றி. ஐந்தில் இபிட்: குழந்தைகளின் கணக்கு. ஆறில் இபிட், பக்கம் இருபத்து நாலு: எந்த ஊரில் எத்தனை பேர். தபாலில் சேர்க்க வேண்டிய நாள் காலையில் டொக்டர் வந்து, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தம்முடைய பழைய கட்டுரை ஒன்றின் விவரத்தை ஒரு வரியாகச் செருகச் சொன்னார்.

நான் மெஷினிலிருந்து கையை எடுத்தேன். "ஐயா, இந்த இடத்தில ஒரு வரி வந்தா, கீழ இருக்கிற ரெண்டு இபிட்டும் உங்க பேருக்குப் போயிடும். ஹபீல் பேரைத் திரும்ப அடிச்சிரட்டுங்களா?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?" என்றார், குரலை உயர்த்தாமலே. "சொன்னதை அடியும்."

அடித்தேன். உறுதியில் இப்படி ஒரு வரியைச் செருகினால் ஒருவன் காணி இன்னொருவன் கைக்குப் போகும் என்று தெரிந்தே அடித்தேன். பிள்ளைகுட்டிக்காரன் நான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பு. டொக்டரின் பழைய கட்டுரை வந்த இதழில் இருபத்து நாலாம் பக்கத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அங்கே குளிக்கிற சவர்க்காரத்துக்கு ஒரு விளம்பரம் இருந்தது. லண்டனில் எவன் போய்ப் பார்க்கப் போகிறான்?

கட்டுரை அச்சாகி வந்தது. விசாரணைக்காரர்கள் வாசித்தார்கள். ஆறு வற்றியதைச் சொன்னவர் ஹபீல். அதைக் கண்டி முழுக்கச் சொல்லும். குழந்தைகளை எண்ணியவர் வேறு ஆள். அப்படியானால் மூன்று வாரம் இவர் எங்கே சுற்றினார்? கணக்கு உம்முடையது அல்ல என்று சஞ்சிகையில் தெரிகிறது என இரண்டு வரிக் கடிதம் அனுப்பி, வேலையிலிருந்து நீக்கினார்கள். டொக்டருக்குப் பாராட்டு விருந்து வைத்தார்கள். அழைப்பிதழையும் நான்தான் அடித்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், வீட்டு வாசலில் நானா நிற்கிறார். கையில் அந்தச் சஞ்சிகை. மனு அடித்துக் கொடுக்க வீட்டிலும் ஒரு பழைய மெஷின் வைத்திருந்தேன். அவரைக் கதிரையில் இருத்தினேன்.

"தம்பி, இந்த மனிசருக்கு ஒரு கடிதம் அடிச்சித் தாங்க," என்று கடைசிப் பக்கத்தை விரித்து விரலை வைத்தார். "இபிட் எண்டு ஒரு துரை. வெள்ளக்காரரா, பறங்கியா தெரியல்ல. ஏன்ட கணக்கு இவர்ட பேருல ஈக்கிது. தெரியாமத்தான் நடந்தீக்கும். நல்ல மனிசரா இருந்தா, உண்மைய ஒரு வரி எழுதித் தருவார்தானே?"

மருந்துச் சீட்டு லத்தீன் முழுவதும் அவருக்கு மனப்பாடம். இந்த ஒரு சொல் எந்தச் சீட்டிலும் வராது. வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். நான் என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இபிட்னு ஆள் யாரும் இல்ல நானா. உறுதியில வருமே, மேற்படி. அதுதான் இது."

அவரும் காணி உறுதி பார்த்த மனிதர். விரல் ஒரு வரி மேலே போனது. முத்துலிங்கம் என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். இன்னும் ஒரு வரி மேலே போய்த் தம்முடைய பெயரில் நின்றது.

"நடுவுல இத போட்டது யாரு?"

"போடச் சொன்னது டொக்டர். அடிச்சது நான். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். அவர் சஞ்சிகையை மூடினார்.

"அப்ப கடிதம் ஒங்களுக்குத்தான் எழுதோணும், தம்பி," என்றார். "நீங்க எழுதித் தருவீங்களா, அந்த ஒரு வரிய?"

மெஷினில் தாள் ஏற்றித்தான் இருந்தது. மனைவி உள்ளே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானா மெஷினைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.