விரால் பட்டினி கிடக்கவில்லை

கன்னியப்பன் இறந்த செய்தியை, போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் வாசலில் வைத்து எனக்குச் சொன்னவள் அஞ்சலை. எங்கள் கம்பெனியில் பெருக்குகிறவள். ராயபுரத்தில் அவர் குடியிருந்த சந்தில்தான் அவளும் இருக்கிறாள். "அண்ணாத்தே பூட்டாரு சாரு. தனலட்சுமியக்கா கத்தின சத்தத்துலதான் நான் எழுந்தேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் ஏழு வருஷம் தள்ளிப்போட்டு, அவர் படுத்த படுக்கையான பிறகு சொன்னேன். காலம் கடந்து சொல்லிவிட்டேனோ என்ற பயம். இடுகாட்டில், துறைமுகத்து நண்பர்களே, உங்களில் பலர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அப்போதும் எனக்கு அதே நினைப்புதான்.

அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த விரால் மீன் கதை தெரியும். "பத்தொம்போது நாள் பட்டினி. ஒரு சுத்து எளைக்கல. ஒடம்புன்றது அவ்ளோ சீக்ரம் வுட்டுக் குடுக்காது மாமு." இதை அவர் வாயால் கேட்காதவர்கள் துறைமுகத்தில் குறைவு. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. பொய் சொன்னவர் அவரல்ல, நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எங்கள் மேனேஜர் துரை மட்டும் இருந்தார். அவர் புழல் ஏரியில் தூண்டில் போடப் போன இடத்தில் சுண்டுவிரல் அளவு விரால் குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்து, ஆபீஸ் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து வளர்த்தார். அது முழங்கை நீளம் வளர்ந்தது. உயிரோடு துள்ளுகிற மீனை மட்டும்தான் தின்னும். செத்த மீனைத் திரும்பியும் பார்க்காது. "கொழம்புல போட வேண்டியத்த கண்ணாடில வெச்சுக் கும்புட்டுக்கினு கீறாரு பாரு" என்று கிடங்குப் பொறுப்பிலிருந்த கன்னியப்பன் என் காதில் சொல்வார். அந்தக் கேலிக்குத் தண்டனைபோல, சித்திரையில் துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கிளம்பும்போது மீனை அவரிடமே ஒப்படைத்தார். திரும்பி வந்து பார்க்கும்போது மீன் நன்றாக இருந்தால் அவர் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. கன்னியப்பன் அப்போது ஆறு வருஷமாகத் தற்காலிகம்.

வைகாசியில் கொடுங்கையூர்ப் பக்கத்துக் குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. பானையில் உயிர்மீன் கொண்டுவந்து கொடுத்தவர் கையை விரித்துவிட்டார். காத்திவாக்கத்திலிருந்து இறால் வேண்டியமட்டும் வந்தது. ஆனால் ராயபுரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் செத்துப்போகும். அப்போதுதான் கன்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்து என்னிடம் சொன்னார். "செத்த எறாவ துன்னப் பழக்கணும் ஞானம். வவுறு காஞ்சா தானா வாயத் தொறக்கும். தொரை வரசொல்லோ இது உசுரோட நீந்தணும். இல்லேன்னா நான் பழையபடி மூட்டை தூக்கத்தான் போவணும்."

அஞ்சலையின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அதன் நுனியில் உரித்த இறாலைக் குத்தி, தண்ணீருக்குள் விட்டு நடுங்க நடுங்க ஆட்டுவார். உயிருள்ளது என்று நினைத்து மீன் பாய வேண்டும். அது பாயும், கவ்வும், மறு நொடியே துப்பும். அவர் இன்னொரு குச்சி உருவுவார். "என் தொடப்பத்த மொட்டையாக்கிட்டியே அண்ணாத்தே, இனிமே கையாலயா பெருக்குவேன்?" என்று அஞ்சலை சண்டைக்கு வருவாள். அவர் சிரிக்க மாட்டார். துப்பிய இறாலை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி என் பங்கு. இரண்டாம் நாளே என்னால் தாங்க முடியவில்லை. மீன் மேல் இரக்கமெல்லாம் இல்லை. அது பட்டினியில் செத்தால் கன்னியப்பன் பிழைப்பு போய்விடுமே என்ற கவலை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கிணற்றில் கொசுவுக்காக விட்ட மீன்கள் பெருகிக் கிடந்தன. வாளியில் மொண்டு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை டிபன் கேரியரின் அடித்தட்டில் தண்ணீரோடு விட்டு எடுத்து வந்தேன். ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருந்தது. யாரும் வருமுன் தொட்டிக்குள் கவிழ்த்தேன். ஒரு நிமிஷத்தில் எல்லாம் காலி. இப்படியே தினமும். அவரிடம் சொன்னால் தடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை.

மீன் இளைக்கவில்லை. கன்னியப்பன் இளைத்தார். பத்தாம் நாள் வாக்கில் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "ஒரு வாய் துன்னல. ஆனா எப்டி கும்முனு கீது பாரு. இது மீனா, பிசாசா?" என்று என்னையே கேட்டார். நான் டிபன் கேரியரைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, ஆமாம் அதிசயம்தான் என்றேன்.

பதினாறாம் நாள் எங்கள் தெருக் கிணறுகளில் முனிசிபாலிடிக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெருவில் யாருக்கோ காலரா. கிணற்று மீன்கள் எல்லாம் வெள்ளையாக மிதந்தன. நான் வெறுங்கையோடு ஆபீஸ் போனேன். மீன் செத்துவிடும், நான்தான் கொன்றேன் என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். நாலாம் நாள் அது ஈர்க்குச்சி இறாலைக் கவ்வியது. துப்பவில்லை. விழுங்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று நின்றது. கன்னியப்பன் ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "துன்ட்ச்சு ஞானம், துன்ட்ச்சு! பத்தொம்போது நாளு!" என்று குதித்தார். என் முட்டாள்தனம் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் சும்மா இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும் வேலை. அந்தச் சந்தோஷத்தில் போய் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

துரை வந்தார், பார்த்தார், வேலை நிரந்தரமானது. இரண்டு வருஷம் கழித்து அவர் ஒரேயடியாக ஊருக்குப் போனபோது விராலைப் புழல் ஏரியிலேயே விட்டு வந்தோம். "ஈர்க்குச்சி இல்லாம எப்டி துன்னும்?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கன்னியப்பன் கவலைப்பட்டார். பிறகு துறைமுக வேலைநிறுத்தம் வந்தது. கேட் முன்னால் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் அந்தப் பத்தொன்பது நாள் கதையைச் சொன்னார். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நானும் இருந்தேன். அன்றும் என் வாய் திறக்கவில்லை.

போன மாதம் அவருக்குக் காமாலை முற்றிவிட்டது. எது கொடுத்தாலும் குமட்டல். கஞ்சியாவது உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்கவில்லை. நான் பார்க்கப் போனபோது தண்ணீரோடு பன்னிரண்டு நாள் ஓட்டியிருந்தார். அவர் மனைவி தனலட்சுமி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "நீங்களாவது சொல்லுங்கண்ணா. எங்கிட்ட மீன் கதையே சொல்லிக்கினு கீறாரு" என்றார். படுக்கையிலிருந்து அவர், "பத்தொம்போது நாள் அது தாங்கிச்சு. எனக்கு இன்னா, இன்னும் ஒரு வாரம் கீது" என்றார்.

"பத்தொன்பது நாள் இல்ல கன்னியப்பா. நாலு நாள்தான்" என்று ஆரம்பித்துக் கிணறு, டிபன் கேரியர், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். "அது செத்துரும்னு பயந்துக்கினு போட்டியா?"

"ஆமா."

"நானும்தான் பயந்துக்கினு இருந்தேன். அந்த பத்தொம்போது நாளும் ராவுல கண்ண மூடல, தெரியுமா? சொல்லி இருந்தியானா ரெண்டு பேரும் தூங்கி இருப்போம்."

கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "நாலு நாள்லயே அது வாயத் தொறந்துடுச்சாம். குடு அத்த" என்று கையை நீட்டினார். மூன்று வாய் குடித்தார். நாலாவது வாய் இறங்கவில்லை.

எட்டு நாளில் போய்விட்டார். அந்த மூன்று வாய்க் கஞ்சிதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. அதில் ஆறுதல் தேடித்தான் பார்க்கிறேன். ஆனால் அவர் படுத்த முதல் நாளே போய்ச் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை வாய் குடித்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.