என் ஈரலில் எத்தனை கட்டம்

அக்காவுக்கு என் ஈரலில் ஒரு பாதியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதைச் சொல்ல இரண்டு எண்கள் வந்தன. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

சென்னை மருத்துவமனையில் ஊசி குத்தி என் ஈரலிலிருந்து நூல்போல ஒரு துண்டு எடுத்தார்கள். கொழுப்பு அதிகமிருந்தால் கொடுக்க முடியாதாம். அங்கே நூற்றுக்கு முப்பதுதான் எல்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்தவர் முப்பத்தைந்து என்று எழுதினார். அதையே படமெடுத்துக் கம்ப்யூட்டரில் அளந்தால் பதினான்கு. “புது முறை. எதுக்கும் மறுபடி உக்காந்து பாக்கறோம், அடுத்த வாரம் வாங்க” என்றார் பெரிய டாக்டர். ஒரே ஈரல், ஒரே துண்டு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

குடிப்பழக்கம் இல்லாத எனக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? மனைவியைக் கேட்டேன். “நாள் பூரா உக்காந்துக்கினே இருந்தா வேற எங்கிருந்து வரும்?” என்றாள்.

உட்கார்ந்து செய்கிற வேலைதான். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன் நான். கட்டம் போட்ட தாளில் அன்னத்தையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் தறியில் அன்னத்தின் மூக்கு கோணிவிடும். தாளில் இருந்த காபிக் கறையையும் ஒரு மாங்காயாக எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினான்கை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஐயம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம், நானே எண்ணிப் பார்க்கப்போகிறேன் என்று சொன்னேன். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாள். “உன் உடம்பு ஒத்துக்கலன்னா விட்ருபா, நான் பாத்துக்கறேன்” என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள்? ஈரல் கிடைக்காவிட்டால் அடுத்த பொங்கல் அவளுக்கு இல்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

படத்தில் இளஞ்சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். வெள்ளைதான் கொழுப்பு என்று சொல்லியிருந்தார்கள். மேலே கட்டம் போட்ட ட்ரேசிங் தாளை வைத்து இரண்டு நாள் எண்ணினேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தெட்டு. சந்தோஷமாக இருந்தது. எதற்குச் சந்தோஷம் என்று யோசிக்காமல் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் என் தாளைப் பார்த்துப் பெரிய டாக்டர் சிரித்தார். “இது கொழுப்பு இல்லீங்க, ரத்தக்குழாய். இது துண்டை மெல்லிசா சீவும்போது விழுந்த கிழிசல். வெள்ளையா இருக்கிறதை எல்லாம் எண்ணிட்டீங்களே!”

கொழுப்புள்ள செல்கள் எத்தனை என்று கண் பார்க்குமாம். கொழுப்பு எவ்வளவு இடம் அடைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்க்குமாம். உடல் முழுக்கச் சின்னப் புட்டா போட்ட சேலையைப் பார்த்தால் சரிகை கொட்டிக் கிடப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் கொஞ்சம்தான் இருக்கும். அதுவரை புரிந்தது. மூன்று டாக்டர்கள் சேர்ந்து மறுபடி பார்த்தார்களாம். முப்பத்தைந்து என்று எழுதியது மிகை, கொழுப்பு எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, கொடுக்கலாம் என்றார்.

எனக்குப் புரியாதது வேறு. அந்தக் குழாய்களுக்குச் சுற்றிலும் கரை கட்டியதுபோல ஓரம் இருந்தது. கிழிசல் நீளமாகத் தனியே கிடந்தது. வயிற்றைக் கீறுவார்கள் என்று எனக்குப் பயம், அது நிச்சயம். தெரியாமல் எண்ணினேனா, தெரிந்தே எண்ணினேனா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என்னோடு வந்திருந்த அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாபா சொன்னாங்க?”

“குடுக்கலாமாம்.”

அவள் கண் என் கையில் சுருட்டியிருந்த தாளுக்குப் போனது. “எண்ணி வச்சத காட்டினியா?”

தலையாட்டினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் தம்பிமா. ராவும் பகலும் கட்டம் எண்ணிக்கினு இருந்து, எனக்குக் குடுக்கலாம்னு அவங்களையே ஒத்துக்க வச்சிட்டான்.”