யார் வீட்டு ஏணி

வெல்டா ஆறிப்போன தேநீரைக் கல்லின்மேல் ஊற்றுகிறாள். முக்கால் கோப்பையைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் கருங்கல் பலகையின் தலைமாட்டில் சாய்த்து, அது ஓடுகிற ஓட்டத்தைக் குனிந்து பார்க்கிறாள். மயிரிழை விரிசல் இருந்தால் தேநீர் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கிக் கோடு போட்டுக் காட்டிவிடும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி காஞ்சா மறந்துடும் சித்தி. டீ கறையா நிக்கும். கல்லு பொய் சொல்ல முடியாது," என்றாள்.

கல்லறைக் கல் வெட்டுவது அவள் தொழில். வயது அறுபத்தொன்பது. கட்டை குட்டையான உடம்பு, படகோட்டியின் முன்கை. காலை பதினொரு மணிக்கு, கல்லில் எழுத்துக் குடைய மணல் பீச்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஜாடிக்குள் முள்கரண்டியை விட்டு ஊறவைத்த ஹெர்ரிங் மீனை நின்றபடியே தின்பாள். அப்போது யார் வந்து பேசினாலும் பதில் வராது. பிரதமரே வந்தாலும் மீன் முடிகிறவரை நிற்க வேண்டியதுதான்.

அவள் அம்மாவும் நானும் அக்கா தங்கை மக்கள். அந்த உரிமையில் பட்டறை அடுப்போரம் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. கனடாவின் கிழக்கே எங்கள் நோவா ஸ்கோஷியா கரையில் ஹிர்டில் என்கிற குடும்பப் பெயருக்குப் பஞ்சம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு ஹிர்டில் மண்டை உடையும். அதனால் பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம். பாலத்தடி ஹிர்டில், கோணக்கால் ஹிர்டில், முட்டைக்கோஸ் ஹிர்டில். பாலத்தடியாரும் முட்டைக்கோஸும் பங்காளிகள். கோணக்காலுக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெல்டா வீடு ஏணி ஹிர்டில் வீடு.

அவளுக்கு மூக்கு விடைப்பது ஒரே விஷயத்துக்குத்தான். யாராவது ஒரு மகனோ மகளோ பேரங்காடியில் வாங்கிய காகிதம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அதில் சிங்கமும் வாளும் போட்டு ஒரு கேடயம் அச்சடித்திருக்கும். கீழே அவர்கள் குடும்பப் பெயர். "இது எங்க குடும்பச் சின்னம், அப்பா கல்லுல வெட்டிக் குடுங்க" என்பார்கள். வெல்டா அந்தக் காகிதத்தை விரல் நுனியால் பிடித்து, எலி வாலைப் பிடித்ததுபோல் திருப்பிக் கொடுப்பாள்.

"பேருக்குக் கேடயம் கிடையாது. ஆளுக்குத்தான் கேடயம். இந்தச் சிங்கம் எவனோ ஒரு இங்கிலீஷ்காரனுக்கு எந்த ராஜாவோ குடுத்தது. அவன் செத்து நானூறு வருஷம் ஆச்சு. அவன் சட்டையைக் கழட்டி உங்கப்பாவுக்குப் போடச் சொல்றீங்களா?"

வந்தவர் முகம் சுருங்கும். அப்போது அவளே கேட்பாள்: "உங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ரொட்டி வண்டி ஓட்டினாரு."

"எத்தனை வருஷம்?"

"முப்பத்தெட்டு."

"அப்போ ரொட்டி வண்டி வெட்டறேன். அது அவரோடது."

போய்க் கல்லறைத் தோட்டத்தில் பாருங்கள். ரொட்டி வண்டி இருக்கிறது, இறால் கூண்டு இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது. சிங்கம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு இந்த ரோஷம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். அவள் அப்பா எல்ட்ரிட்ஜ், எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு முப்பத்தொரு வருஷம் தலைவர். சம்பளம் கிடையாது, மணி அடித்தால் ஓடுகிற வேலை. வயதான காலத்தில் ஊரார் சேர்ந்து தலைநகர் ஒட்டாவாவுக்கு எழுதிப் போட்டார்கள். ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த, சின்னங்கள் வழங்குகிற அலுவலகத்திலிருந்து அவருக்கென்றே ஒரு கேடயம் எழுதி, முத்திரை வைத்த தோல் பத்திரமாக வந்தது. நீலக் கேடயம். நடுவில் தங்க நிற ஏணி. இரு பக்கமும் ஒவ்வொரு ஹெர்ரிங் மீன். கீழே ஒரு வாசகம்: "ஏணியைப் பிடி."

சிரிக்காதீர்கள். எழுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில் மீன் பதனிடும் தொழிற்சாலை எரிந்தது. மாடியில் ஒன்பது பெண்கள். ஏணியின் படியெல்லாம் பனி உறைந்து வழுக்குகிறது. ஆண்கள் எல்லோரும் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எல்ட்ரிட்ஜ் ஏறினார். ஏறும்போதெல்லாம் கீழே பார்த்து ஒரே கத்தல்: "ஏணியைப் பிடி!" பிடித்தவள் வெல்டா. அப்போது பதினைந்து வயது. தீப்பொறி தலையில் விழுந்தும் கையை எடுக்கவில்லை. ஒன்பது பேரும் இறங்கினார்கள், அதில் ஒருத்தி நான். வெல்டாவின் இடது காதுக்கு மேலே இன்றும் முடி முளைப்பதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

எல்ட்ரிட்ஜ் போனபின் பத்திரம் மூத்த பிள்ளையான வெல்டாவுக்கு வந்தது. இந்த நாட்டில் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு, பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. தம்பி டெல்மருக்கும் கேடயம் உண்டு. ஆனால் அதில் தனக்கென்று ஒரு சின்ன அடையாளம் சேர்த்து, முறையாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூத்த பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதுதான் முறை.

டெல்மருக்கு முறையாவது ஒன்றாவது. துறைமுகத்தில் மீன் சூப் கடை வைத்திருக்கிறான். அப்பாவின் கேடயத்தை அப்படியே பெரிய கோப்பைகளில் அச்சடித்து விற்க ஆரம்பித்தான். அட்டைப்பெட்டியில் அவனாகவே ஒரு வரி எழுதினான்: "ஹிர்டில் குடும்பத்தின் தொன்மையான சின்னம்." பேருந்தில் வந்து இறங்குகிற ஹிர்டில்கள் எல்லோரும் ஆளுக்கு ஆறு வாங்கிப் போனார்கள்.

வெல்டா கடைக்கே போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"தொன்மையானதா? எத்தனை தொன்மைடா? உன் பழைய குளிர்பெட்டி அதைவிடத் தொன்மை."

"வியாபாரம் அக்கா. ரெண்டு பேர் சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க, உனக்கென்ன நோவுது?"

"அப்பாவை விக்கறே."

"அப்பா எனக்கும் அப்பாதான்."

"அப்போ உன் குறியைப் போடு. எழுதி வாங்கு. முகமே இல்லாம ஏன் அலையறே?"

டெல்மர் கரண்டியைத் தட்டிச் சிரித்தான். "பொம்பளைக்கு எதுக்கு அக்கா கேடயம்? சண்டைக்கா போகப்போறே?"

"உன்கூடப் பிறந்ததுக்கு ஒண்ணு பத்தாது. ரெண்டு வேணும்."

அதோடு பேச்சு நின்றது. நான்கு வருஷம். கிறிஸ்துமஸுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, உப்பை என்னிடம் கேட்டு வாங்குவார்கள்.

போன வசந்தத்தில் கர்ட் ஹிர்டில் என்று ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஒன்டாரியோக்காரர். எங்கள் ஊர்க் கடல்முனையில் பன்னிரண்டு ஏக்கர் வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். கையில் டெல்மர் கடைக் கோப்பை. வாசல் தூண் இரண்டிலும் அந்தக் கேடயத்தை ஆளுயரத்துக்கு வெட்ட வேண்டுமாம். கேட்டதைத் தருவாராம்.

வெல்டா மீன் தின்றுகொண்டிருந்தாள். அவரோ காத்திருக்காமல் பேசிக்கொண்டே போனார்.

"எங்க பரம்பரைச் சின்னம் மேடம். ஆயிரத்து முந்நூறாம் வருஷத்துல வாங்கினது. எங்க முன்னோர் இந்த ஏணியைப் போட்டுத்தான் கோட்டை மதில் ஏறினாங்க. ரெண்டு பக்கமும் டால்பின், கடல் கடந்த வீரத்துக்கு."

வெல்டா கடைசித் துண்டை விழுங்கினாள். ஜாடியை அவர் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க சார், உள்ளே இன்னும் நாலு டால்பின் கிடக்கு. வெங்காயத்தோட."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க தாத்தா யாரு தம்பி?" என்று கேட்டேன். எங்கள் கரையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். தாத்தா இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து ஒன்டாரியோவுக்கு வந்தாராம், குளிர்சாதனம் பழுது பார்த்தாராம். நல்ல தொழில். எங்கள் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கி இருநூற்றெழுபது வருஷம் தாண்டிவிட்டது. அந்தத் தாத்தாவுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு கல்யாணம்கூட இல்லை. ஏழு தலைமுறையை விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

"அதனாலென்ன பாட்டி, பேரு ஒண்ணுதானே?" என்றார்.

"உங்க காரும் என் காரும் ஒரே கம்பெனிதான்," என்றாள் வெல்டா. "சாவியைக் குடுங்க, ஓட்டிட்டுப் போறேன்."

பிறகு அந்த ஏணி யாருடையது, எந்த வருஷத்தது, மதில் எது, மாடி எது என்று நின்ற இடத்திலேயே சொன்னாள். தான் பிடித்ததை மட்டும் விட்டுவிட்டாள். "உங்க தாத்தா செஞ்ச வேலைக்கு ஒரு குறி போட்டு நீங்களே ஒட்டாவாவுக்கு எழுதுங்க. குடுத்தா குடுக்கறாங்க. அதைத் தூணென்ன, மலையிலேகூட வெட்டித் தரேன்."

குளிர்சாதனப் பெட்டியைக் கேடயத்தில் போடுவதா என்று அவருக்குக் கோபம். போய்விட்டார். ஜூலையில் அவர் வாசலுக்குத் தூண்கள் லாரியில் வந்து இறங்கின. எந்த ஊரிலோ லேசர் இயந்திரத்தால் சுட்டு எடுத்த வேலை. ஏணி இருந்தது, மீனுக்கு டால்பின் மூக்கு வைத்திருந்தார்கள். "ஏணியைப் பிடி" என்பதை எடுத்துவிட்டு லத்தீனில் ஏதோ எழுதியிருந்தார்கள்.

எனக்கு அன்று இரத்தம் கொதித்தது, எழுதும்போதும் கொதிக்கிறது. ஒரு மனிதன் தீக்குள் போய்ச் சம்பாதித்ததை, அவனைத் தெரியாத ஒருவன் வேலிக் கதவுக்குப் பொட்டு வைப்பதுபோல் வைத்துக்கொள்கிறான். கேட்க ஆளில்லை. பத்திரமும் முத்திரையும் பட்டு நாடாவும் கொடுக்கிற நாட்டில் அதைக் காவல் காக்க ஒரு போலீஸ்காரன் கிடையாது. வீட்டுக்குள் புகுந்து ஒரு கரண்டியைத் திருடினால் ஜெயில். அப்பன் பெருமையைத் திருடினால் சுற்றுலா வளர்ச்சி. வெல்டா அந்த வழியாகக் கல் ஏற்றப் போகும்போதெல்லாம் வண்டியின் சன்னலை இறக்கி, தூணைப் பார்த்து உரக்க, "ஹெர்ரிங்!" என்று கத்திவிட்டுப் போவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

போன மாதம் டெல்மர் பட்டறைக்கு வந்தான். நான்கு வருஷத்தில் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவிலேயே நின்றான். வெல்டா அவனைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு எழுத்து முழுவதும் பீச்சி முடித்தாள். அப்புறம்தான் முகமூடியைத் தூக்கினாள்.

"வக்கீல் கடுதாசி வந்திருக்கு அக்கா."

"உன் சூப்பைக் குடிச்சவன் எவனாவது போட்டிருப்பான்."

"கர்ட் போட்டிருக்கான். அந்தச் சின்னத்தைத் தன் கம்பெனிக்கு வணிகச் சின்னமாப் பதியக் குடுத்திருக்கானாம். நான் கோப்பையை நிறுத்தணுமாம். போர்டுல இருந்து எடுக்கணுமாம். அவன் பரம்பரையை நான் திருடறேனாம்!"

வெல்டா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், பிறகு அழுகை வந்துவிட்டது. கடுதாசியை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

"ஆதாரம்னு என்ன வெச்சிருக்கான் தெரியுமா? உன் கோப்பைப் பெட்டி! 'ஹிர்டில் குடும்பத்தின் தொன்மையான சின்னம்.' நீ எழுதினதுடா. உன் கையால எழுதிக் குடுத்துட்டே."

டெல்மர் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். "பத்திரம் உன்கிட்டதான் இருக்கு. நீதானே மூத்தவ. நீ பதில் எழுதினாத்தான் செல்லும்னு என் வக்கீல் சொல்றாரு."

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"யாரு மூத்தவ?"

"நீதான் அக்கா. நீதான். போதுமா?"

"போதாது. இன்னைக்கே கோப்பையை நிறுத்து. அவன் சொன்னதுக்காக இல்லே, நான் சொல்றேன். இருக்கற பெட்டியெல்லாம் இங்கே கொண்டாந்து இறக்கு, கருங்கல் தூளோட சேர்த்து அரைச்சுடறேன். பத்திரத்தோட நகல் வெச்சு நான் நாளைக்கே எழுதறேன். அவனையும் விட மாட்டேன், உன்னையும் விட மாட்டேன்."

"நிறுத்தறேன்."

"குறி?"

"என்ன குறி போடறதுன்னு எனக்குத் தெரியல," என்றான். அறுபதைத் தாண்டியவன், வகுப்பில் விடை தெரியாத பிள்ளைபோல் நின்றான். "நான் என்னத்தைச் செஞ்சேன்? நீயாவது அன்னைக்கு ஏணியைப் பிடிச்சே."

வெல்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு நீ எங்கே இருந்தே?"

"துறையில. கடல்லேர்ந்து தண்ணி மொண்டு மொண்டு ஓடியாந்தேன். பாதி வழியிலேயே கொட்டிடும். அம்மா வந்து அறைஞ்சு இழுத்துட்டுப் போனாங்க."

வெல்டா கல்லில் கோடு போடுகிற மஞ்சள் மெழுகுப் பென்சிலை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். டெல்மரின் வண்டி முற்றத்தில் நின்றது. அதன் கதவிலும் அதே நீலக் கேடயம் ஒட்டியிருந்தது. முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, ஏணிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் ஒரு வாளி வரைந்தாள். கோபம் அடங்காமல் அழுத்திய அழுத்தத்தில் பென்சில் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிடித்து, வாளிக்குக் கைப்பிடியும் போட்டாள்.