எலுமிச்சம்பழம் வைக்காத வண்டி

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துக் கோழிப்பண்ணையில் சித்ராவுக்கு முட்டை அடுக்கும் வேலை. அட்டைக்கு முப்பது. கை அடுக்கிக்கொண்டிருக்கும், மனசு நாவலுக்குள் நடந்துகொண்டிருக்கும். நாற்பத்து நாலு வயதில் அவள் எழுதும் முதல் நாவல். இருபத்தோரு அத்தியாயம் தடையில்லாமல் ஓடி, கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டது.

நின்றது மாரப்பனால். ரிக் வண்டியோடு போர்வெல் போடச் சத்தீஸ்கர் போன கதாநாயகன், மழை பிடித்ததும் ஊர் திரும்ப வேண்டும். அவனோ அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. 'மாரப்பன் வண்டியில் ஏறினான்' என்று ஒன்பது தடவை எழுதி, ஒன்பது தடவையும் அடித்துவிட்டாள். தாளில் எழுத்து ஏறியதே தவிர ஆள் ஏறவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் அச்சகத்தோடு சின்னதாகப் பதிப்பகமும் நடத்தும் டெபோரா கறாராகச் சொல்லியிருந்தாள். "திங்கக்கிழமை கையில இருக்கணும்க்கா. தள்ளிப்போனா இந்த வருசம் புத்தகக் கண்காட்சிக்கு இல்ல. அடுத்த வருசம் நான் புத்தகம் போடுவேனான்னே தெரியாது."

அன்று வெள்ளிக்கிழமை.

மாரப்பனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவனுடைய மாமியார் சின்னாயி ஐந்தாம் அத்தியாயத்தில் சாக வேண்டியவள். மஞ்சள் காமாலை கொடுத்துப் படுக்க வைத்தும், ஆறாம் அத்தியாயத்தில் எழுந்து உட்கார்ந்து கம்பஞ்சோறு கேட்டாள். அதன்பின் அவளைச் சாகடிக்கச் சித்ராவுக்குத் தைரியம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் கொட்டகைக்குள் வெளிச்சம் சாய்ந்து இறங்கியது. முட்டைகள் உள்ளே விளக்கு வைத்தது போல மினுங்கின. சின்னாயி மெதுவாக வந்து அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்து கால் நீட்டினாள்.

"ஏஞ்சாமி, அவன் எதுக்கு ஏற மாட்டேங்கறான்னு அவனையே கேட்டுப் பாத்தியா?"

"நீங்க அப்பவே செத்திருந்தா கதை எப்பவோ முடிஞ்சிருக்குமுங்க."

"நாஞ் செத்துட்டா உன்ற கதையில வாயத் தொறந்து பேச ஆரு இருக்கறா? மத்ததெல்லாம் பெருமூச்சு உடற கூட்டம்."

சித்ரா சிரித்துவிட்டாள். எதிரில் அடுக்கிக்கொண்டிருந்த பிரீத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஆருகிட்டக்கா பேசற? விரிசல் முட்டையவும் நல்லதோட சேத்து அடுக்கற பாரு!"

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கணவன் கந்தவேல் கூப்பிட்டான். அவனுக்கும் ரிக்கில்தான் வேலை, அவனும் சத்தீஸ்கரில்தான் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு, வண்டி ஆட்கள் எல்லாருமாக நாவலைக் கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

"ஏனுங்க, மாரப்பன் இன்னும் ஏறலீங்க."

"இவனோட பெரிய ரோதனையாப் போச்சு. வண்டி ஊர்ல இருந்து கெளம்புமே, அந்த மூணாம் அத்தியாயத்த மறுக்காப் படி புள்ள."

படித்தாள். மாலை, சூடம், தேங்காய், ஆரன் சத்தம். முடித்ததும் டிரைவர் பிரபாகரின் குரல் கேட்டது. "அக்கா, எலுமிச்சம்பழம் எங்கீங்க?"

கந்தவேல் சிரித்தான். "ஏம்புள்ள, சக்கரத்துக்குப் பழம் வெக்காம வண்டிய எடுத்துட்டயா? போறப்ப ஏதோ போயிட்டான். அந்த வண்டியில திரும்பி வாரதுக்கு யோசிப்பானில்ல?"

சித்ராவுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக அவன் வண்டி கிளம்பும் அந்த நிமிஷத்தில், அவள் சமையற்கட்டில், அவன் திரும்பி வந்ததும் திறக்க ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருப்பாள். ஆரன் கேட்டு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பியிருக்கும். மறுநாள் காலையில், வாசலில் நசுங்கிக் கிடக்கும் மஞ்சள் தோலைக் கூட்டித் தள்ளியிருக்கிறாள். அது எப்படி அங்கே வந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தாள். பழத்தை யார் வைப்பது என்று யோசிப்பதற்குள் சின்னாயி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். "நவுருங்கடா" என்று ஆண்களை விலக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கிய வாசம் சித்ராவின் மேசை வரை வந்தது.

அதற்குப் பிறகு கடைசி அத்தியாயத்தை எடுத்தாள். அவள் எதுவும் எழுதுமுன்பே மாரப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தான். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மழை, கண்ணாடியில் வழியும் தண்ணீர், தூங்கும் ஊர்கள், மறுபடி மழை. அவள் பேனாவைப் பிடித்தபடி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள்.

திங்கட்கிழமை டெபோரா கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்தாள். மாரப்பன் வாசலுக்கு வருகிறான். "செருப்ப வெளிய உட்டுட்டு வா" என்கிறாள் சின்னாயி. அதோடு நாவல் முடிகிறது.

"என்னக்கா இது? இத்தனை மாசம் கழிச்சு வந்திருக்கான், பொண்டாட்டிய வாசலுக்குக்கூடக் கூப்பிடலையே?"

"கூப்பிட்டேன். உள்ள ஊறுகாய் ஜாடியத் தொறந்துட்டு இருக்கறா," என்றாள் சித்ரா. "வருவா."

டெபோரா தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, அச்சுக்குப் போகும் கட்டின் மேல் வைத்தாள்.