குங்குமத் தட்டத்தோடு தானே வந்தவள்

வெள்ளைப் பலகையில் ‘ஃபர்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு நான் திரும்பிய அந்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊரான மடத்துவெளியில், வெளிநாடு போகக் காத்திருந்த பெண்களுக்கு நான் நடத்திய வகுப்பு அது. பிறர் கண்ணில் படாமல் பதுங்கிச் செய்வதைச் சொல்லும் சொல், அதற்குள்ளே ஒரு கள்ள முழி இருக்கிறது என்று விளக்கி உதாரணம் கேட்டேன். கணவனை இழந்து சில வருடமான ஒருத்தி எழும்பினாள்.

“எங்கடை ஊர்தான், ரீச்சர். கலியாணப் பேச்சை ஒளிக்கினம். பிள்ளை கனடாவிலை போய் இறங்குமட்டும் பயணத்தை ஒளிக்கினம். கேட்டால் கண்ணூறாம், ஆற்றையும் கண் பட்டிடுமாம்.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கனடாவிலிருந்து ஒருவர் அவளை மணக்கக் கேட்டிருந்தார், அவளுக்கும் விருப்பம். யாழ்ப்பாணத்தில் ஓசைப்படாமல் கலியாணத்தைப் பதிந்துவிட்டு விமானம் ஏறு, ஊருக்குப் பிறகு சொல்லலாம் என்றாராம் அவள் அண்ணன்.

“நான் என்ன களவே எடுத்தனான்? கோயிலிலை, எல்லாருக்கும் சொல்லித்தான் கட்டுவன்” என்றாள்.

அண்ணன் வீட்டில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. குங்குமத் தட்டத்தோடு வீடு வீடாகப் போய்க் கலியாணம் சொல்வது எங்கள் ஊரில் சுமங்கலிகளின் வேலை. மணப்பெண் போவதில்லை. கைம்பெண் அந்தத் தட்டத்தைத் தொடவே விடமாட்டார்கள். இவள் பட்டப்பகலில் தானே தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். அடேயப்பா, என்ன நெஞ்சுரம்! இன்றைக்கும் ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறது. சொல்லட்டுமே!

எங்கள் வீட்டுப் படலைக்கு அவள் வந்தபோது நான் முற்றத்தில் நின்றேன். அம்மா குசினிக்குள் ஓடிப்போய், “நான் இல்லையெண்டு சொல்லு” என்றா. வெட்கத்திலும் கோபத்திலும் என் முகம் சுட்டது. பொய் சொல்லமாட்டேன் என்று சொல்ல நான் திரும்பமுதலே, அயல் முழுக்கக் கேட்கும்படி அவள் குரல் கொடுத்தாள்.

“அன்ரி, யன்னலுக்குப் பின்னாலை நிக்கிறது தெரியுது. வெளியிலை வாங்கோ. வாற புதன்கிழமை எனக்குக் கலியாணம்!”

அம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தா. தட்டத்தை ஒருகணம் பார்த்தா. பிறகு விரலால் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, “எத்தினை மணிக்கு, பிள்ளை, முகூர்த்தம்?” என்று குசுகுசுத்தா.

“உரத்துக் கேளுங்கோ, அன்ரி” என்றாள் அவள்.